பாஸ் இருக்கிறது!

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் குடும்பத்துடன் ஊர் பார்க்கக் கிளம்பினால் என்ன நடக்கும் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை முடிச்சுக்கு முன்னால் ஒரு கால அட்டவணை தயாராகிவிடும். 2025-ஆம் வருஷம் காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் ராமேசுவரம் தீவுக்குப் போவதென்று தீர்மானித்தபோது நானும் அப்படியே ஒன்று தயாரித்தேன். மூன்று நாள், பதினான்கு இடங்கள். கட்டம் போட்டு, நேரம் குறித்து, முக்கியமான இடங்களின் கீழே சிவப்பு மையினால் கோடும் போட்டிருந்தேன்.

என் மனைவி அந்தக் காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதிலே சாப்பாட்டுக்கு எப்போ மணி அடிப்பீங்க?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர் திருத்தணி. வருஷத்து நாட்களுக்குச் சரியாக 365 படிகள் என்று பெயர் பெற்ற முருகன் மலையின் அடிவாரத்தில் எங்கள் வீடு. ஆகையால் மலை எங்களுக்குப் பழகிய பண்டம். ஆனால் கடல்? மின்சார ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய், மெரினாவில் சுண்டல் தின்றுவிட்டு, இரவுக்குள் வீடு திரும்புவதோடு எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு தீர்ந்தது. "நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும்" என்று 22 வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். அந்த 22 வருஷத்தில் ஒரு தீவிலாவது நான் கால் வைத்ததில்லை என்பதை எந்த மாணவனும் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

இந்தப் பிரயாணத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அதைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும்.

என் தகப்பனார் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். அவரை நாங்கள் 'நைனா' என்றுதான் அழைப்போம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரையில் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்துவிட்டுப் பிறகு சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்த ஊர் அல்லவா? எங்கள் வீடுகளில் தெலுங்குச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் இன்னும் எல்லை பிரிக்கவில்லை. நைனாவுக்குப் பதினான்கு வயதானபோது, 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, பெரும் புயலில் தனுஷ்கோடி என்னும் ஊரே கடலுக்குள் போயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில், ஊர் கண்ணுக்கெட்டும் தூரத்தில், உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலைக்கு இரையாயிற்று. டீக்கடைப் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படிக்கக் கேட்ட பையன், பிற்பாடு அதே ரயில்வேயில் சேர்ந்தான். அந்த ரயிலை அவர் கடைசி வரையில் மறக்கவில்லை. சிக்னல் கிடைக்காமல் காத்து நின்ற டிரைவர், பிறகு துணிந்து வண்டியை நகர்த்தினார் என்பார்கள். "அங்கே ஒரு கைகாட்டி வேலை செய்திருந்தால்..." என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார்.

கல்யாணமான புதிதில் அவர் என் தாயாருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: "உன்னைக் கடல் மேலே ரயிலில் கூட்டிப் போகிறேன்." பாம்பன் பாலத்தைச் சொன்னார். அம்மா எப்போது நினைவுபடுத்தினாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "பாஸ் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம். ராமேசுவரம் எங்கே ஓடிவிடப் போகிறது?"

பாஸ் வருஷா வருஷம் வந்தது. பிரயாணம் மட்டும் வரவில்லை. 2010-இல் அவர் ஓய்வு பெற்ற பிறகு குற்றவாளி நான்தான். துணைக்கு நான் போக வேண்டும். எனக்கோ ஒரு வருஷம் பொதுத் தேர்வு, ஒரு வருஷம் விடைத்தாள் திருத்தம், ஒரு வருஷம் தேர்தல் வேலை. கடைசியாக 2023 பொங்கலுக்கென்று டிக்கெட் எடுத்தோம். ஆனால் 2022 டிசம்பரிலேயே பழைய பாலத்தில் ரயில் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். "மண்டபத்தில் இறங்கி பஸ்ஸில் போகலாம்" என்றேன். நைனா தலையை அசைத்தார். "பஸ்ஸிலே போறதுக்கு நான் ஏன் ரயில்வேயிலே முப்பத்தாறு வருஷம் வேலை செய்தேன்? புதுப் பாலம் வரட்டும்."

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, ஸ்ரீராம நவமியன்று, புதுப் பாலம் திறக்கப்பட்டது. நைனா அதற்கு முந்திய வருஷம் பங்குனியிலேயே போய்விட்டார். திறப்பு விழாவை அம்மா தொலைக்காட்சியில் பார்த்தார். அன்று ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, "எனக்கும் பாஸ் உண்டாமே?" என்று கேட்டார். உண்டு; கணவர் காலமான பின் மனைவிக்கென்று ரயில்வே தரும் பாஸ். அந்தப் பாஸில் அம்மாவும், டிக்கெட்டில் நாங்கள் மூவருமாகக் கிளம்பினோம்.

சென்னையில் ராத்திரி ராமேசுவரம் எக்ஸ்பிரஸ் ஏறினோம். அதற்குப் 'போட் மெயில்' என்ற பழைய பெயர் இன்னும் போகவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, பட்டணத்து ரயில் தனுஷ்கோடி வரையில் போய்க் கப்பலுக்குப் பிரயாணிகளை ஒப்படைக்கும். கப்பல் அவர்களைத் தலைமன்னாரில் இறக்கும். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். அந்தக் கப்பலும் போயிற்று, துறையும் போயிற்று, பெயர் மட்டும் ராத்திரி தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் ராமநாதபுரம் தாண்டியதும் பனைமரங்களும் உப்புக் காற்றும் வந்தன. மண்டபத்தைக் கடந்து வண்டி மெதுவாக நகர்ந்தபோது எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கரை விலகியது. பிறகு இரு பக்கமும் தண்ணீர்தான். என் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "புதுப் பாலத்தின் நீளம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். கப்பல் வந்தால் நடுவிலே 72.5 மீட்டர் நீளமுள்ள பாகம் அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். அதோ தெரிகிற பழைய பாலம் வேறு தினுசு. இரண்டு கைகளைத் தூக்குகிற மாதிரி இரு புறமும் திறக்கும். ஆட்கள் கையால் சுற்றித் திறப்பார்கள். 1964 புயலில் சிதைந்ததை ஸ்ரீதரன் என்ற இளம் இஞ்ஜினீயரின் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள்" என்று பிரசங்கம் செய்தேன். என் மகன் கேட்டான். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய பாலத்தையே பார்த்திருந்தார். அது முடிகிற வரையில் முகத்தைத் திருப்பவில்லை.

முதல் நாள் அட்டவணைப்படி காலை கோயில்; 9-30-க்கு கந்தமாதன பர்வதம்; 11-க்கு வில்லூண்டி தீர்த்தம். அக்னி தீர்த்தத்தில் ஆரம்பித்தோம். கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே, அலையே இல்லாமல், எங்கள் ஊர்ச் சரவணப் பொய்கையைப் போல் அமைதியாக இருந்தது கடல். அங்கே நைனாவுக்குத் திதி கொடுத்தேன். பிறகு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் ஸ்நானம்.

இங்கே புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தீர்த்தம் என்றால் குளம் என்று எண்ணிப் போகாதீர்கள். அநேகமாக எல்லாம் கிணறுகள். மேலே நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். நனைந்தபடியே அடுத்ததற்கு ஓட வேண்டும். ஈரக் கல்லில் வழுக்கும். வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றுத் துணியை மறக்காதீர்கள். ஈரத் துணியோடு ஸ்வாமி சந்நிதிக்குள் விட மாட்டார்கள்.

"சளி பிடிக்கும்" என்று முரண்டு செய்த என் மகன், ஐந்தாவது வாளியில் சிரிக்க ஆரம்பித்தான். பத்தாவதில் தானே முதலில் ஓடினான். "அப்பா! கடல் பக்கத்திலேயே இருக்கு. இந்தத் தண்ணி ஏன் கரிக்கவில்லை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட லேசானது. ஆகவே கடல்நீரின் மேலே ஒரு மெல்லிய படுகையாக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டி அதிகமாக இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். அளவோடு எடுத்தால் தித்திப்பாகவே இருக்கும். தீவில் மனிதர்கள் பிழைத்திருப்பது இந்தப் படுகையின் தயவில்தான். இதையும் நான் வகுப்பில் சொன்னதுண்டு. ஆனால் குடித்துப் பார்த்தது அன்றுதான்.

தரிசனம் முடிந்து வெளிப் பிராகாரத்துக்கு வந்தபோது மணி ஒன்பதரை. அம்மா ஒரு தூணோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, முட்டி வலிக்குதா?"

"இல்லடா. பார்க்கிறேன்."

"என்னத்தை?"

"இந்தத் தூண் வரிசை எங்கே முடியுதுன்னு."

"இந்தப் பிராகாரத்தில் மொத்தம் 1212 தூண். பதினெட்டாம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் கட்டி முடித்தது" என்றேன்.

"நீ எண்ணினியா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா கொஞ்சம் பொறுத்து, "உங்க நைனா இப்படித்தான் சாயந்திரத்திலே தண்டவாளத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். ரெண்டும் தூரத்திலே ஒண்ணாப் போற மாதிரி இருக்கும், போகாதுன்னு சொல்லுவார்" என்றார்.

நானும் உட்கார்ந்தேன். இரு புறத்துத் தூண்களும் தூரத்தில் நெருங்கி, ஒரு சிறு வெளிச்சப் புள்ளியில் கலப்பதுபோல் தெரிந்தன. அங்கேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். கந்தமாதன பர்வதமும் வில்லூண்டியும் அட்டவணையிலிருந்து விழுந்தன. முதலில் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. "இவ்வளவு தூரம் வந்து..." என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். "இவ்வளவு தூரம் யாருக்காக வந்தோம்?" என்று கேட்டாள் அவள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

இரண்டாம் நாள் காலையில் தனுஷ்கோடி. முன்பெல்லாம் மணலில் ஜீப்பிலும் நடந்தும்தான் போக முடியும். 2017-இலிருந்து அரிச்சல்முனை வரையில் நல்ல தார் ரோடு இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள், நிழல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். முனையில் கடலில் இறங்க ஆசைப்படாதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

வழியில், ஒதுக்கமாக நிற்கும் கோதண்டராமர் கோயிலைப் பார்த்தோம். விபீஷணன் சரணடைந்த இடம் என்பது ஐதீகம். 1964 புயலுக்குத் தப்பி நின்ற கோயில் அது. அப்பால் ரோட்டின் ஒரு பக்கம் சாந்தமான கடல்; மறு பக்கம் சீறும் கடல். முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். என் மனைவி இந்தப் பெயர்ப் பொருத்தத்தை மிகவும் ரசித்தாள் என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

பிறகு அந்த ஊர் வந்தது. அல்லது ஊர் இருந்த இடம் வந்தது. கூரையில்லாத மாதா கோயில், சில சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சமாகச் சில கற்கட்டடங்கள். புயலுக்குப் பின் அரசாங்கம் மனிதர் வாழத் தகாத இடம் என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு அங்கே வாழ்கின்றன. மணலைத் தோண்டி ஊறும் நன்னீரை ஒரு ஸ்திரீ கொட்டாங்கச்சியால் முகந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நேற்றுச் சொன்ன பாடம் அது.

எங்களோடு வந்தவர்கள் சுவர்களின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். அம்மா ஸ்டேஷன் சுவரைச் சுற்றி நடந்தார். முப்பத்தாறு வருஷம் ரயில்வேக்காரரின் மனைவியாக இருந்தவர் அல்லவா? "பிளாட்பாரம் இந்தப் பக்கம் இருந்திருக்கணும். தண்ணித் தொட்டி அதோ. பெயர்ப் பலகை எங்கேடா?" என்றார். பிறகு, பாம்பன் திசையைப் பார்த்து நின்றார்.

"நைனா இருந்திருந்தா லயன் எப்படிப் போச்சு, கைகாட்டி எங்கே நின்னுதுன்னு கால் அளந்து சொல்லியிருப்பார்" என்றார். அழவில்லை. குறை சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த இடத்தில்தான் நைனாவின் வாசகம் எனக்கு ஞாபகம் வந்தது: 'ராமேசுவரம் எங்கே ஓடிவிடப் போகிறது?' வாஸ்தவம், ராமேசுவரம் ஓடவில்லை. ஆனால் இந்த ஊரில் ரயில் நிலையம் இருந்தது; தபாலாபீஸ் இருந்தது; கப்பல் துறை இருந்தது. 'அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இங்கே எத்தனை பேர் எத்தனை காரியங்களைத் தள்ளிப் போட்டிருப்பார்கள்? ஊரும் ஓடலாம், பாலமும் நிற்கலாம், இரண்டும் இருந்து கூட்டிப்போக வேண்டியவர் இல்லாமலும் போகலாம். நான் தள்ளிப் போட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் ஒரு நியாயமும் இல்லை.

அரிச்சல்முனையில் நிலம் முடிகிறது. சுமார் 30 கிலோமீட்டர் தாண்டினால் தலைமன்னார். எங்கள் ஊரில் எல்லை என்பது நகரிக்கும் புத்தூருக்கும் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளின் எழுத்து மாறுவது, அவ்வளவுதான். இங்கே எல்லை தண்ணீரின் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடு. அதைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி மீனவர்களைச் சிறைப்பிடிக்கிறார்கள், படகையும் பறிகொடுக்கிறார்கள். அம்மா அந்த முனையில் குனிந்து ஒரு பிடி மணல் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அட்டவணையை நான் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். பேய்க்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவகத்துக்கு மட்டும் போனோம். அது என் மகனின் விருப்பம். ராஷ்டிரபதி ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தது எங்கள் திருத்தணியில். ராஷ்டிரபதி கலாம் 1931-இல் பிறந்தது இந்தத் தீவில். இருவருக்கும் ஆசிரியத் தொழிலில்தான் அபிமானம். கலாம் 2015-இல் ஷில்லாங்கில் மாணவர்களுக்குச் சொற்பொழிவாற்றிக்கொண்டே சாய்ந்தார். தனுஷ்கோடி அழிந்த அந்த டிசம்பரில் ராஷ்டிரபதியாக இருந்தவர் எங்கள் ஊர்க்காரர். அப்போது இந்தத் தீவுப் பிள்ளை முப்பத்து மூன்று வயது இளைஞர்.

சிறு வயதில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் விளக்கிவிட்டு, அதோடு நிற்காமல், பிள்ளைகளை ராமேசுவரம் கடற்கரைக்கே அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டினார் என்று கலாம் பல முறை சொல்லியிருக்கிறார். இதை நான் உற்சாகமாக விவரித்தேன். என் மகன் சாவதானமாக, "நீங்க உங்க கிளாஸை எங்கேப்பா கூட்டிட்டுப் போயிருக்கீங்க?" என்று கேட்டான்.

இரண்டு நாளில் இரண்டாவது தடவையாக நான் பதிலில்லாமல் நின்றேன். ஊருக்குத் திரும்பியதும் ஒன்பதாம் வகுப்பை மலைமேல் அழைத்துப் போய்ப் பாறைகளைக் காட்டிப் பாடம் நடத்தினேன் என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆக, பதினான்கில் நாங்கள் பார்த்தது ஐந்தோ ஆறோ. 1897 ஜனவரி 26-ஆம் தேதி மேனாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியதன் ஞாபகமாகக் குந்துகாலில் இருக்கும் மண்டபத்தைப் பார்க்கவில்லை. கந்தமாதன பர்வதத்தின் மேலிருந்து தீவு முழுவதையும் பார்க்கவில்லை. நேயர்கள் அவசியம் பாருங்கள். ஆனால் பிராகாரத்தில் உட்கார ஒரு மணி நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருந்தால் பாருங்கள்.

வீடு வந்ததும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த மணலை ஒரு சிறு டப்பாவில் போட்டு, நைனாவின் படத்துக்கு அருகில் வைத்தார்.

"ஆயா, இது எதுக்கு?" என்று கேட்டான் பையன். எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் அழைப்பது.

"ராமேசுவரத்து மண்ணைக் காசியிலே கங்கையிலே விடணும். அப்போதான் யாத்திரை முடியும்."

நான் காலண்டரைப் பார்த்தேன். அந்த வருஷத்துப் பாஸ் தீர்ந்துவிட்டது. 'அடுத்த வருஷம் பாஸ் வரும்மா, அப்போது...' என்று வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. அன்று சாயந்திரமே அரையாண்டு விடுமுறைக்குக் காசிக்கு நாலு டிக்கெட் வாங்கிவிட்டேன். கால அட்டவணை இன்னும் போடவில்லை.